டர்போவின் மேல் விழுந்த பழி: 66,000 கிலோமீட்டர் அனுபவம்

என்னுடையது 2014ஆம் ஆண்டு வாங்கிய டீசல் கார். ஓடோமீட்டர் இன்று 1,64,000 கிலோமீட்டர் காட்டுகிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, புதிதாக வாங்கியபோது இருந்த அதேதான், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 98,000 கிலோமீட்டரிலேயே அதன் கதை முடிந்தது என்று எனக்கு எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

2022 மார்ச்சில் குடும்பத்துடன் வால்பாறைக்குப் போனோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, தேநீருக்காக வண்டியை ஓரம் கட்டியபோது பானட்டுக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. வடை சுட்டு முடித்த பிறகும் அடுப்பை அணைக்க மறந்த கடாயின் வாடை. “கிளட்ச்சா?” என்று மனைவி கேட்டார். கிளட்ச் தீய்ந்தால் இப்படி நாறாது. பானட்டைத் தூக்கினேன். டர்போவை மூடியிருக்கும் வெப்பத் தகட்டின் மேல் கறுப்பாக, ஈரமாக எண்ணெய். அதிலிருந்து மெல்லிய புகை.

ஊர் திரும்பிய பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். சிக்னலில் இரண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால் பின்னால் ஒரு கொத்து நீலப்புகை. எஞ்சின் எண்ணெயை அளக்கும் டிப் ஸ்டிக்கிலும் அளவு இறங்கியிருந்தது. 5,000 கிலோமீட்டருக்குள் ஒன்றரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது.

வழக்கமாக விடும் சர்வீஸ் நிலையத்தில் வண்டியைத் தூக்கிக் கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “டர்போ சீல் போய்விட்டது சார், முழுதாக மாற்ற வேண்டும்” என்று 64,000 ரூபாய்க்கு மதிப்பீடு நீட்டினார்கள். எண்ணெய் டர்போவில் இருக்கிறது, ஆகவே டர்போதான் குற்றவாளி. கொலை நடந்த வீட்டில் இருந்தவனையே பிடித்து உள்ளே போடுகிற நியாயம்.

நண்பர் ஒருவர் பொள்ளாச்சிப் பக்கம் டீசல் வண்டிகளையே முப்பது வருடமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் அனுப்பினார். நான் மதிப்பீட்டுத் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. “தம்பி, எண்ணெய் மேலே ஏறாது, கீழேதான் இறங்கும். முதலில் மேலே இருப்பதைப் பார்ப்போம்” என்றார்.

முதல் வேலை கழுவியது. டீசலில் நனைத்த பிரஷ்ஷால் எஞ்சினின் பின்பக்கம் முழுவதையும் தேய்த்துத் துடைத்துக் காற்றடித்துக் காயவைத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து, எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் விளிம்பு முதல் டர்போ வரை திருநீறு பூசுவதுபோல் தூவினார். எஞ்சினை அரை மணி நேரம் ஓட விட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டியும் வந்தோம். திரும்பிப் பார்த்தால் வெள்ளைப் பவுடரில் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. டேப்பட் கவரின் பின்மூலையில் தொடங்கி நேராக வெப்பத் தகட்டில் போய் முடிந்தது. கசிவைத் தடுக்க வேண்டிய டேப்பட் கவர் பேக்கிங் இறுகிப்போயிருந்தது! வால்பாறையில் மணத்தது அதுதான். டர்போவுக்கும் அந்த எண்ணெய்க்கும் சம்பந்தமே இல்லை.

நான் அப்போதே பணத்தை எண்ணத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். “வாடைக்கு இது பதில். புகைக்கு?”

டேப்பட் கவரிலிருந்து வெளியே ஒழுகும் எண்ணெய் சைலன்சர் வழியாக நீலப்புகையாக வராது. உள்ளே எங்கோ எரிந்தால்தான் வரும். ஆக, நோய் இரண்டு. சர்வீஸ் நிலையம் இரண்டையும் ஒரே பெயரில் எழுதியிருந்தது.

காற்று உள்ளே போகும் ஹோஸைக் கழற்றினார். உள்ளே எண்ணெய்ப் பூச்சு மினுங்கியது. எனக்குத் திக்கென்றது. அது எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீதர் வழியே வரும் எண்ணெய் ஆவி, எல்லா டர்போ வண்டியிலும் கொஞ்சம் இருக்கும், குட்டையாகத் தேங்கினால்தான் கவலை என்றார். டர்போவின் நடுத்தண்டான ஷாஃப்ட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். இம்மி ஆட்டம். அது இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் ஓடும்போது அந்த ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினார். ஆட்டம் கைக்குத் தெரியவில்லை. அப்படித் தெரிந்திருந்தால் கதையே வேறு. டர்போ சக்கரத்தின் இறக்கைகளின் நுனி எங்கும் உரசிய தடமும் இல்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற பொருள், உரசியிருந்தால் மறைக்கவே முடியாது.

பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினை ஐடிலில் விட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளிருந்து காற்று புஸ்ஸென்று தள்ளவில்லை. பிஸ்டன் பக்கம் நலம், பிரீதரும் அடைக்கவில்லை.

மிச்சம் இருந்தது வடிகுழாய். டர்போவுக்கு எண்ணெய் மெல்லிய குழாயில் அழுத்தத்துடன் ஏறுகிறது. இறங்குவதற்கு எந்தப் பம்பும் இல்லை. தடித்த குழாய் வழியே தன் எடையால்தான் எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு வழிய வேண்டும். அதனால் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். டர்போ சீல் என்றதும் நான் ரப்பரைத்தான் கற்பனை செய்துவைத்திருந்தேன். உண்மையில் அவை பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள். டர்போவின் நடுவில் எண்ணெய் தேங்கி நின்றால் அவற்றால் தடுக்க முடியாது. எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது புகை வெளியேறும் டர்பைன் பக்கம் அழுத்தம் குறைவு, தேங்கிய எண்ணெய் அந்தப் பக்கம் கசியும். சிக்னலில் நின்று கிளம்பும்போது வந்த நீலப்புகைக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டு போல்ட்டைக் கழற்றிக் குழாயை இறக்கினார். “வந்து பாருங்கள்” என்று டார்ச்சை என் கையில் கொடுத்தார். குழாய் மூட்டின் ஃபிளாஞ்ச் ஓட்டைக்குள் சாம்பல் நிறத்தில் உள்நாக்கு மாதிரி ஒன்று தொங்கியது. சிலிக்கான் பேஸ்ட். பாதி வழியை அடைத்திருந்தது. ஒன்றரை வருடம் முன்பு, 91,000 கிலோமீட்டரில், அந்த மூட்டில் லேசாக ஈரம் இருந்தது என்று வேறொரு பட்டறையில் சரி செய்திருந்தேன். மூட்டுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடாமல் பழையதன்மேல் பேஸ்ட்டை அப்பி இறுக்கியிருக்கிறார்கள். அன்று மிச்சமான ரூபாயை நினைத்து மகிழ்ந்ததும் நான்தான்.

அதைச் சுரண்டி எடுத்து, பேஸ்ட் இல்லாமல் புதிய கேஸ்கெட் போட்டார். மேலே ஏறும் குழாயையும் கழற்றி அடைப்பில்லை என்று உறுதி செய்துகொண்டார். திரும்ப மாட்டும் முன் சிரிஞ்சில் கொஞ்சம் புது எண்ணெயை டர்போவின் வாயில் விட்டு, ஷாஃப்ட்டை விரலால் சுற்றிவிட்டார். காய்ந்த பேரிங்குடன் ஸ்டார்ட் செய்தால் சில விநாடியிலேயே கெட்டுவிடும் என்றார். டேப்பட் கவர் பேக்கிங், எண்ணெய், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 6,350 ரூபாய்.

அவரிடமும் ஒரு குறை உண்டு. மேல்குழாயின் போல்ட்டுக்கு இருபுறமும் செம்பு வாஷர் வரும். அந்த அளவு அன்று கடையில் கிடைக்காததால் பழையதையே மாட்டினார். பன்னிரண்டாம் நாள் அங்கே ஒரு துளி. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி சரியாக உட்காராது. போய் நின்றதும் “என் தப்பு” என்று சொல்லிப் புதிய வாஷர் போட்டார், காசு வாங்கவில்லை. சர்வீஸ் நிலையத்தில் அந்தச் சொல்லை நான் இதுவரை கேட்டதில்லை.

நீலப்புகையைச் சிறியது என்று விட்டுவிடுபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். டீசல் எஞ்சின் தன் எண்ணெயையே குடித்து ஓடத் தொடங்கினால் சாவியை அணைத்தாலும் நிற்காது. கியர் வண்டி என்றால், பிரேக்கை முழு பலத்துடன் அழுத்திக்கொண்டு மேல் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டு எஞ்சினைத் திணறடிப்பது ஒரு வழி. 2020 முதல் கட்டாயமான பிஎஸ்-6 மாசு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகை வடிகட்டி இருப்பதால் எரிந்த எண்ணெயின் சாம்பலும் அதில் சேர்ந்து அடைக்கும். அந்தச் செலவு தனி.

அதற்குப் பிறகு இந்த 66,000 கிலோமீட்டரில் மூன்று முறை வால்பாறை போய்வந்தாயிற்று. நீலப்புகை திரும்பவில்லை. 10,000 கிலோமீட்டருக்கு எண்ணெய் 300 மில்லிக்கு மேல் இறங்குவதில்லை. மலை ஏறி நின்றால், டர்போ ஆறட்டும் என்று அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுகிறேன். பிள்ளைகளுக்கு அது பொறுமையைச் சோதிக்கும் நிமிடம். டேப்பட் கவர் பேக்கிங்கை மட்டும் 1,41,000இல் மறுபடி மாற்ற நேர்ந்தது. இப்போது டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் மூட்டில் விரல் வைத்தால் லேசாக எண்ணெய் ஒட்டுகிறது. போன மாதம் சர்வீஸில் அதைக் காட்டி ஒரு பையன் மெல்லத் தொடங்கினான்: “சார், டர்போ...” கையுறைப் பெட்டியில் இருந்த பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.