அரமும் ஃபோர்ட்ரானும்: இரண்டு ஐஐடிகள், இரண்டு கூட்டுகள்

நம் பொறியியல் கல்லூரிகளில் புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்குக் குறைச்சலே இல்லை. சால்வை, போட்டோ, நுழைவாயில் பேனரில் ஒரு லோகோ. ஆறு மாதம் கழித்து விசாரித்தால் அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறதென்றே தெரியாது. கூட்டு என்றால் கைக்கு என்ன வந்து சேரவேண்டும்? இதற்கு 1959-இல் தொடங்கிய சென்னை, கான்பூர் ஐஐடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். (பம்பாய்க்கு யுனெஸ்கோ வழியே சோவியத் உதவி, டெல்லிக்கு பிரிட்டன். அதெல்லாம் தனிக்கதை.)

சென்னைக்குக் கைகொடுத்தது ஒரே அரசு. 1956-இல் நேரு மேற்கு ஜெர்மனி போனபோது பேச்சு கிளம்பியது. 1959-இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெர்மன் பேராசிரியர்கள் வந்தார்கள், ஆய்வகக் கருவிகள் வந்தன, நம் ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயிற்சி பெற்றார்கள். கூடவே வந்தது ஜெர்மன் குணம்: கை அழுக்காகாமல் பொறியாளர் ஆக முடியாது. அரத்தைப் பிடித்து இரும்பை ராவிப் பழகியபிறகுதான் மற்றதெல்லாம். ஒர்க்‌ஷாப் அங்கே ஒப்புக்கு நடந்த பாடமில்லை.

கான்பூர் நேர் எதிர். அங்கே துணைக்கு வந்தவை எம்ஐடி, பெர்க்லி, கால்டெக், பிரின்ஸ்டன், பர்டூ உள்ளிட்ட ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள். 1962 முதல் 1972 வரை பத்தாண்டுத் திட்டம். ஒன்பது பேர் சேர்ந்தால் ஒன்பது கருத்து வருமே, குழப்பம்தானே என்று தோன்றும். அதுவே லாபமாயிற்று: எந்த ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் அப்படியே இறக்க வழியில்லாததால் கான்பூர் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. பொறியியல் மாணவருக்கு அடிப்படை அறிவியலும் கலைப்புலப் பாடங்களும் அழுத்தமாகக் கிடைத்தது அப்படித்தான்.

1963-இல் ஐபிஎம் 1620 கணினி வந்து இறங்கியது. வளாகத்துக்கு அது மாட்டு வண்டியில் வந்ததாகச் சொல்வார்கள். கருவி வந்ததைவிட அதை என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். பெர்க்லியிலிருந்து வந்த ஹாரி ஹஸ்கி கணினி மையத்தை நிலைநிறுத்தினார், நம் வி. ராஜாராமனும் சகாக்களும் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள், வெளியிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் குறுகியகால வகுப்பு எடுத்தார்கள். 1965-லேயே எம்.டெக் அளவில் கணினிப் படிப்பு தொடங்கிவிட்டது. சென்னைக்கும் ஜெர்மன் உதவியில் ஐபிஎம் 370 கிடைத்தது, ஆனால் எழுபதுகளில்.

ஆயுள் கணக்கு பார்த்தால் தராசு சென்னைப் பக்கம் சாயும். அமெரிக்கத் திட்டம் 1972-இல் முடிந்தது முடிந்ததுதான். ஜெர்மன் உறவு வேறு வேறு உருவில் இன்றும் ஓடுகிறது. 2010-இல் சென்னை ஐஐடியில் நிலைத்த வளர்ச்சிக்கான இந்திய-ஜெர்மன் மையம் அமைந்தது. இருந்தும் என் ஓட்டு கான்பூருக்கே. கருவி பழசாகி மூலைக்குப் போய்விடும். பாடத்திட்டத்தைத் தானே எழுதிப் பழகியவர்கள் திரும்பவும் எழுதுவார்கள்.

அதற்காக எல்லாரும் கான்பூரைப் பின்பற்ற முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிக்குப் பாடத்திட்டம் மேலிருந்து வருவது. எந்த வெளிநாட்டுப் பல்கலையோடு கைகுலுக்கினாலும் அதில் கைவைக்க முடியாது. அவர்களுக்குச் சென்னை வழிதான் சரி: பக்கத்துத் தொழிற்பேட்டையோடு கூட்டு வைத்து ஆய்வகத்தையும் ஒர்க்‌ஷாப்பையும் உருப்படியாக்கலாம். பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இரண்டு வழிக்கும் பொதுவான ஒன்று உண்டு. வந்தவர்கள் தங்கி வகுப்பெடுத்தார்கள், நம்மவர்கள் அங்கே போய்க் கற்றுவந்தார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கல்லூரி முதல்வர்கள் அதைத்தான் கேட்கவேண்டும்: அங்கிருந்து யார் வருகிறார்கள், எத்தனை மாதம் இருப்பார்கள், இங்கிருந்து யாரை அனுப்புகிறோம், அவர் திரும்பிவந்து எந்த வகுப்பை எடுப்பார்.