வாடகை வீட்டில் பூச்சி: மருந்தடிப்பதா, வாடகையைப் பிடிப்பதா, காலி செய்வதா?

இரவு மூன்று மணி. மொபைல் டார்ச்சை மெத்தையின் தையல் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போனேன். மடிப்புக்குள் பேனா முனையால் குத்தி வைத்தது போலக் கருப்புப் புள்ளிகள். ஈர விரலால் தேய்த்தால் துரு நிறத்தில் இழுவிக்கொண்டு வந்தன. பக்கத்திலேயே உமி மாதிரி வெளிறிய தோல்கள், பூச்சி உரித்துப் போட்டவை. தலைமாட்டு மூலையில் எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக, தட்டையாக ஒன்று, வெளிச்சம் பட்டதும் உள்ளே நழுவியது: மூட்டைப்பூச்சி. மகளின் கழுத்தில் இருந்த தடிப்புகளுக்கு மூன்று வாரமாகக் கொசுவைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

காலையில் ஓனருக்குப் போன் செய்தேன். "நீங்க வர்றதுக்கு முன்னாடி அந்த வீட்ல ஒரு பூச்சி கிடையாதுங்க. உங்க சாமான்லதான் வந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இந்த இடத்தில் வாடகைக்கு இருப்பவர் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. நாமே மருந்து வாங்கி அடிப்பது, ஓனருக்கு எழுதிக் கொடுத்து அவரைச் செய்ய வைப்பது, நாமே ஆள் வைத்துச் செய்து செலவை வாடகையில் கழிப்பது, வாடகையையே நிறுத்துவது, அரசு அதிகாரியிடம் புகார் செய்வது. ஐந்தும் ஆகாவிட்டால் காலி செய்வது. இரண்டில் நானே நடந்திருக்கிறேன், மற்றவற்றில் நடந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நான் நான்கு கேள்விகள் வைத்துப் பார்க்கிறேன்: பூச்சி உண்மையிலேயே போகுமா? பணம் யாருடையது? தலைக்கு மேல் கூரை நிற்குமா? நாளைக்கு வழக்கு என்று வந்தால் கையில் சான்று இருக்குமா?

முதலில், யார் கொண்டுவந்தது?

பெரும்பாலான சட்டங்கள் சுற்றி வந்து நிற்கும் இடம் இதுதான். குடியிருக்கத் தகுந்த வீட்டைத் தருவது ஓனரின் கடமை. வாடகைதாரரின் அலட்சியத்தால் பூச்சி வந்தது என்று காட்டினால் பாரம் இந்தப் பக்கம் சாயும். அதனால்தான் எல்லா ஓனர்களும் முதலில் "உங்க சாமான்ல வந்தது" என்கிறார்கள்.

இதற்குப் பதில் பூச்சியிடமே இருக்கிறது. மூட்டைப்பூச்சியின் முட்டை சாதாரண அறை வெப்பத்தில் பொரிக்கவே ஆறு முதல் பத்து நாள் ஆகும். பிறகு ஐந்து இளம் பருவங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முறையாவது ரத்தம் குடித்துத் தோல் உரித்தால்தான் அடுத்ததற்குப் போகும். எல்லாம் தோதாக அமைந்தாலும் முட்டை வளர்ந்த பூச்சியாக ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஆக, குடிவந்த பத்தாம் நாளில் சுவரோரப் பலகைக்குப் பின்னாலோ ஸ்விட்ச் பெட்டிக்குள்ளோ முட்டை, குஞ்சு, வளர்ந்தது, பழைய தோல், அடுக்கடுக்காகக் காய்ந்த புள்ளிகள் எல்லாம் சேர்ந்து இருந்தால் அது பத்து நாள் குடும்பம் அல்ல. அதே கூட்டம் உங்கள் கட்டிலில் மட்டும் இருந்தால் இந்த வாதம் நிற்காது, ஏனென்றால் கட்டில் நீங்கள் கொண்டுவந்தது. ஆகவே படம் எடுக்கும்போது கழற்ற முடியாத இடங்களைத் தேடுங்கள்: சுவர் விரிசல், கதவுச் சட்டம், சுவரோடு சேர்ந்த அலமாரி.

சின்ன பழுப்புக் கரப்பானுக்கும் இதே கணக்கு பொருந்தும். அதன் ஒரு முட்டைக் கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். குஞ்சு வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதம் ஆகலாம். குடிவந்த வாரத்திலேயே சமையலறை அலமாரிக் கீல்களில் காலிக் கூடுகள் கொத்தாகக் கிடந்தால் அது உங்களுடைய கரப்பான் அல்ல. எலி விஷயத்தில் ஓட்டைதான் சாட்சி. சுண்டெலி ஆறு மில்லிமீட்டர் இடைவெளியில், அதாவது ஒரு பென்சில் நுழையும் சந்தில், புகுந்துவிடும். அந்தச் சந்து கட்டடத்தின் குறை.

நாமே மருந்தடிப்பதும் ஓனரைச் செய்ய வைப்பதும்

நான் முதலில் செய்தது ஸ்பிரே வாங்கி அடித்ததுதான். அன்றைக்கே செய்யலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். அந்த ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு கேள்வியில் மூன்றில் இந்த வழி தோற்கிறது. 2012இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அறை முழுக்கப் புகையாகப் பரவும் டப்பா மருந்துகள் மூன்றை வீடுகளில் பிடித்த மூட்டைப்பூச்சிகள்மேல் சோதித்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மருந்து போய்ச் சேராத விரிசலில்தான் பூச்சி இருக்கிறது, போய்ச் சேர்ந்தாலும் பல கூட்டங்கள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டன. கரப்பானுக்கு ஜெல் இரை நன்றாக வேலை செய்யும். ஆனால் அதன்மேலேயே ஸ்பிரேயையும் அடித்தால் கரப்பான் இரையைத் தொடாது. பணம் முழுக்க நம்முடையது. எல்லாவற்றையும்விட, படம் எடுக்காமல் அடித்துத் துடைத்துவிட்டால் சான்றும் அதோடு போயிற்று. என் வீட்டில் படுக்கையறைப் பூச்சி அடுத்த அறைக்கு இடம் மாறியது, கூடவே என்னிடம் காட்ட ஒன்றும் இல்லாமல் போனது.

ஓனரைச் செய்ய வைப்பது மெதுவான வழி. ஆனாலும் பூச்சியின் இயல்பு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அடுக்குமாடியில் மூட்டைப்பூச்சி சுவர் வழியாகவும் மின்குழாய் வழியாகவும் பக்கத்து வீட்டுக்குப் போகும். கரப்பான் தண்ணீர்க் குழாய்ப் பாதையில் மேலும் கீழும் ஏறி இறங்கும். ஒரு வீட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் அது கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வரும். மேலே, கீழே, இரு பக்கமும் உள்ள வீடுகளைத் திறந்து பார்க்கச் சொல்லும் அதிகாரம் ஓனருக்குத்தான் உண்டு, வாடகைதாரருக்கு இல்லை. முட்டை தப்பிவிடும் என்பதால் இரண்டு வாரம் போல இடைவெளி விட்டு மறுபடி அடிக்க வேண்டும். வெப்பமூட்டும் முறை என்றால் பூச்சி ஒளிந்திருக்கும் இடத்திலேயே 50 டிகிரி செல்சியஸ் வந்தாக வேண்டும், முட்டையும் சாகும். இரண்டுமே ஒரு தனிக் குடும்பம் ஸ்பிரே டப்பாவோடு செய்துவிடும் வேலை அல்ல.

இதில் எழுத்துதான் முக்கியம். போனில் சொன்னது காற்றோடு போகும். என்ன பூச்சி, எந்த அறை, எந்த நாள் முதலில் பார்த்தது, படங்கள், எத்தனை நாளுக்குள் ஆள் அனுப்ப வேண்டும் என்ற கேள்வி, இவ்வளவும் ஒரே பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் விதத்தில் அனுப்புங்கள். ஜெர்மனியில் குறையைத் தெரிவிக்காமல் விட்டால் வாடகைக் குறைப்பு கேட்கும் உரிமையே போய்விடும், குடிமைச் சட்டத்தின் 536சி பிரிவு அப்படிச் சொல்கிறது. மற்ற இடங்களிலும் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி "எப்போது சொன்னீர்கள்?" என்பதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். மருந்தடிக்க ஆள் வரும் நாளில் கதவைத் திறப்பதும், சொன்னபடி அலமாரியைக் காலி செய்வதும், துணிகளைச் சூட்டில் உலர்த்திக் கட்டி வைப்பதும் நம் பங்கு. அதில் தவறினால் முழு வழக்கும் நமக்கு எதிராகத் திரும்பும்.

கழிப்பதும் நிறுத்துவதும்

இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

கழிப்பது என்றால், தெரிவித்தும் ஓனர் அசையாதபோது நாமே ஆள் வைத்துச் செய்து, ரசீதைக் கொடுத்து, அந்தத் தொகையை மட்டும் வாடகையில் குறைப்பது. இதற்குச் சட்டம் இடம் கொடுக்கும் இடங்களில் வரம்பும் சேர்ந்தே வரும். கலிபோர்னியாவில் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, 12 மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் கூடாது, தெரிவித்து 30 நாள் காத்திருந்தால் அது நியாயமான அவகாசமாக எடுத்துக்கொள்ளப்படும். இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில் ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது மாதிரிதான், மாநிலம் ஏற்றால்தான் செல்லும். தனி வீடு, ஒரே ஓட்டை, ஒரே எலிக் குடும்பம் என்றால் இந்த வழி அருமையானது. அடுக்குமாடியின் மூட்டைப்பூச்சிக்கு உதவாது. பக்கத்து வீட்டுச் செலவை உங்கள் வாடகையில் கழிக்க முடியாது அல்லவா.

நிறுத்துவது வேறு. கோபம் வரும்போது முதலில் தோன்றுவதும் அதுதான். அதற்கு ஒரு பெரிய முன்னுதாரணமும் உண்டு. 1970இல் வாஷிங்டனில் ஜாவின்ஸ் வழக்கில், வீட்டைச் சரியாக வைத்திருக்கும் கடமையும் வாடகை கட்டும் கடமையும் ஒன்றோடு ஒன்று கட்டுண்டவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அங்கே வாடகைதாரர்கள் சுட்டிக்காட்டிய விதிமீறல்கள் சுமார் 1,500. ஆனால் அந்த வழக்கு தொடங்கியதே வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஓனர் போட்ட வழக்காகத்தான். நிறுத்துகிறவர் கூரையைப் பணயம் வைக்கிறார். ஜெர்மனியில் குறை இருக்கும் காலத்துக்கு வாடகை சட்டப்படி தானாகவே குறைகிறது. அங்கேயும் குறைத்தது அதிகம் என்று நீதிமன்றம் பிறகு சொல்லி, பாக்கி இரண்டு மாத வாடகையைத் தொட்டால் ஓனர் உடனடியாக ஒப்பந்தத்தை முறிக்கலாம். அதனால் அங்கே விவரம் தெரிந்தவர்கள், உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று எழுதிவிட்டு முழு வாடகையும் கட்டி, அப்புறம் திரும்பக் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் பாக்கி வைப்பது ஓனர் கையில் ஆயுதம் கொடுப்பதற்குச் சமம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி சில இடங்களில் உண்டு, வாடகையை நீதிமன்றத்தில் கட்டுவது. அமெரிக்காவின் ஓஹாயோவிலும் மேரிலாந்திலும் இதற்கு முறை இருக்கிறது. பணம் உங்கள் கையிலும் இல்லை, ஓனர் கையிலும் இல்லை. கட்டத் தயார், வீட்டைச் சரிசெய் என்று காட்டும் செயல் இது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் இது இருந்தால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால் வாடகையைக் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள் என்பதுதான் என் கருத்து. கசக்கும், ஆனால் வீடு நிற்கும்.

அதிகாரியிடம் போவது

எழுதி அனுப்பியும் பதில் இல்லையா, இதைத்தான் நான் அடுத்து வைப்பேன். அதிகாரியின் ஆய்வுக் குறிப்பு எந்தப் படத்தைவிடவும் கனமான சான்று, செலவும் பொதுவாக இல்லை. இங்கிலாந்தில் வீட்டு ஆபத்துகள் 29 என்று வகுத்திருக்கிறார்கள், பூச்சியும் குப்பையும் அதில் அடக்கம். 2018 சட்டத்தின்படி அங்கே வாடகைதாரர் நேரடியாக நீதிமன்றமும் போகலாம். பிரான்சில் 2018 முதல், பூச்சித் தொல்லை உள்ள வீடு தகுதியான வீடு ஆகாது என்று வாடகைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நியூயார்க் நகரில் முந்தைய ஓராண்டின் மூட்டைப்பூச்சி வரலாற்றை ஓனர் ஒப்பந்தத்தின்போதே எழுதித் தர வேண்டும்.

ஓனர் பகைத்துக்கொள்வார் என்ற பயம் நியாயமானது. புகாருக்குப் பழிவாங்கக் காலி செய்யச் சொல்வதைப் பல நாடுகள் தடுக்கின்றன. அந்தக் காப்பும் தேதி போட்ட கடிதத்தில்தான் தொங்குகிறது. என் விஷயத்தில் அதிகாரி வரை போக வேண்டிவரவில்லை. இரண்டாவது கடிதத்தில் கீழ்வீட்டு அக்காவும் கையெழுத்துப் போட்டார். அவர் வீட்டிலும் நான்கு மாதமாக இருந்திருக்கிறது, வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். மூட்டைப்பூச்சி சுத்தமான வீட்டுக்கும் வரும், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரண்டு கையெழுத்தைப் பார்த்த பிறகு "உங்க சாமான்" என்ற பேச்சு நின்றது. பத்தாம் நாள் ஆள் வந்தார், நான்கு வீட்டுக்கும்.

காலி செய்வது

இதற்கும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. 1843, இங்கிலாந்தின் பிரைட்டன். மராபிள் குடும்பம் சாமான்களோடு கூடிய வீடு ஒன்றை ஐந்து வாரத்துக்கு, வாரம் எட்டு கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணம்) என்று எடுத்தது. கட்டிலெல்லாம் மூட்டைப்பூச்சி. புகார் செய்தும் தீராமல் ஒரு வாரத்து வாடகையைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். மீதி வாடகை கேட்டு ஓனர் வழக்குப் போட்டுத் தோற்றார். சாமான்களோடு விடும் வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதே ஆண்டிலேயே இன்னொரு வழக்கில், சாமான் இல்லாத வீட்டுக்கு இது பொருந்தாது என்று வரம்பும் கட்டிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை நம்பி யாரும் இன்று அவசரப்பட்டு வெளியேற வேண்டாம். சில கரப்பான்களுக்காக வீட்டை விட்டால் மீதிக் காலத்து வாடகையும் முன்பணமும் போகலாம். கடிதம், அவகாசம், தோற்ற மருந்தடிப்புகளின் தேதி, முடிந்தால் ஆய்வுக் குறிப்பு, இவை கையில் இருந்து, இரவு தூங்க முடியாத நிலை வந்தால் அப்போது போங்கள்.

போகும்போது பூச்சியையும் கூட்டிப்போகாதீர்கள். வளர்ந்த மூட்டைப்பூச்சி ரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும். துணியை அதிக சூட்டில் உலர்த்தி மூடிய பையில் கட்டுங்கள். மெத்தையைத் தூக்கி எறிவதாக இருந்தால் கிழித்து, மேலே "மூட்டைப்பூச்சி" என்று பெரிதாக எழுதி வையுங்கள். இல்லையென்றால் நல்ல மெத்தை என்று யாராவது தன் வீட்டுக்கு எடுத்துப்போவார். புது வீட்டில் சாமான் இறக்கும் முன், காலி அறையிலேயே டார்ச்சோடு ஒரு சுற்று வந்து, சுவரோரத்தையும் ஸ்விட்ச் பெட்டியையும் தேதியோடு படம் எடுத்து ஓனருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.