எனக்குத் தெரிந்த பெயர்கள் இல்லாத பட்டியல்

கட்டணம் கிடையாது. விளம்பரம் கிடையாது. அடுத்த பகுதிக்கு ஆவலைக் கிளப்பும் பின்னணி இசையும் கிடையாது. அமெரிக்காவில் தவறாகத் தண்டிக்கப்பட்டு, பின்னால் கிடைத்த புதிய ஆதாரத்தின் பேரில் அதிகாரபூர்வமாக விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியல்தான் ‘நேஷனல் ரெஜிஸ்ட்ரி ஆஃப் எக்ஸோனரேஷன்ஸ்’ என்ற இணையதளம். 2012-இல் தொடங்கினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியும் வேறு சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துகின்றன. 1989-இலிருந்து விடுதலையானவர்கள் 3,000 பேருக்கு மேல் இதில் இருக்கிறார்கள். ஆளுக்கொரு வரி. பெயரைத் தட்டினால் வழக்கின் சுருக்கம் திறக்கும்.

எனக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்ம் கோப்புகளைப் படிக்கிற வேலை. தீ விபத்து, திருட்டு, உடைப்பு. அதனால் அட்டவணை என்றால் அலுப்பு வராது. வேலை முடிந்த பிறகு, செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவர்களைப் பற்றிய ஒலித்தொடர் எது வந்தாலும் விடாமல் கேட்கிற ஆளும்கூட. இந்தத் தளத்துக்குள் நுழைந்ததும், பழைய நண்பர்களைத் தேடுவதுபோல எனக்குத் தெரிந்த பெயர்களைத்தான் ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

வெஸ்ட் மெம்ஃபிஸ் மூவர். ஆர்கன்சாவில் 1993-இல் எட்டு வயதுச் சிறுவர்கள் மூன்று பேர் கொல்லப்பட்ட வழக்கு. கறுப்பு உடையும் இரைச்சல் இசையுமாகத் திரிந்த மூன்று பதின்வயதுப் பையன்களைப் பிடித்து, சாத்தான் வழிபாடு என்று கதை கட்டி, 1994-இல் தண்டித்தார்கள். ஒருவருக்கு மரண தண்டனை. 2011-இல் மூவரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் பட்டியலில் இல்லை. அவர்கள் வந்தது ‘ஆல்ஃபர்ட் வாக்குமூலம்’ என்ற வழியாக: “நான் நிரபராதிதான், ஆனாலும் என்னைத் தண்டிக்கப் போதுமான ஆதாரம் அரசிடம் இருக்கிறது என்று ஏற்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். சட்டத்தின் கணக்கில் அது குற்றவாளித் தீர்ப்புதான். கதவு திறந்தது, பெயர் மட்டும் துலங்கவில்லை.

அமாண்டா நாக்ஸ்? அவர் அமெரிக்கர், ஆனால் அவர் மீதான கொலை வழக்கு இத்தாலியில் நடந்தது. பெருஜியாவில் 2009-இல் தண்டனை, 2011-இல் விடுதலை, 2014-இல் மறுபடி தண்டனை, 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரேயடியாக விடுதலை. அமெரிக்க நீதிமன்றங்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. சரி, நியாயம்தான்.

ஸ்டீவன் ஏவரி இருக்கிறார், ஆனால் உலகம் வாதாடிக்கொண்டிருக்கிற வழக்குக்காக இல்லை. விஸ்கான்சினில் ஒரு பாலியல் தாக்குதலுக்காக 1985-இல் தண்டிக்கப்பட்டு, 18 ஆண்டுகள் உள்ளே இருந்து, டிஎன்ஏ பரிசோதனையால் 2003-இல் வெளியே வந்தாரே, அதற்காக. மானிட்டோவாக் மாவட்டத்தின் மீது 3.6 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அது நடந்துகொண்டிருக்கும்போதே கொலை வழக்கில் கைதாகி, 2007-இல் மறுபடி தண்டனை. இந்த இரண்டாவது வழக்கைப் பற்றித்தான் இன்றுவரை சண்டை. முதலாவதில் சண்டை போட எதுவும் இல்லை. டிஎன்ஏ உண்மையான ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது, முடிந்தது.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் முடிந்த வழக்குகள். நம்மைப் பிடித்து வைத்திருப்பவையோ பெரும்பாலும் முடியாதவை. அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் “ஆமாம், தவறுதான்” என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் கேட்கிறவனுக்கு வேலை இல்லை. சொல்லாதவரை ஒவ்வொரு கேட்பவனும் ஒரு ஜூரி. பல்லிடுக்கில் சிக்கிய நார்போல நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும். அநியாயத்தின் அளவு அதைத் தீர்மானிப்பதில்லை. ஓக்லஹோமாவில் க்ளின் சிம்மன்ஸ் 48 ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டு, 2023-இல் நிரபராதி என்று அறிவிக்கப்பட்டார். அமெரிக்காவில் தெரிந்தவரை அதுவே மிக நீண்ட காலம். அந்த வாரம் செய்தி, அப்புறம் மௌனம்.

இதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஐவர்: 1989-இல் அந்தப் பூங்காவில் ஓடப்போன ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகத் தண்டிக்கப்பட்ட பையன்கள். உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, டிஎன்ஏவும் பொருந்தி, 2002-இல் தீர்ப்புகள் ரத்தாகி, 2014-இல் நகரம் 4.1 கோடி டாலர் கொடுத்த பிறகும் அந்த வழக்கு அடங்கவில்லை. அங்கே தீராமல் நிற்பது ‘யார் செய்தது’ என்ற கேள்வி இல்லை. ஒரு நகரமே சேர்ந்து கறுப்பின, லத்தீன் பையன்கள் ஐந்து பேரை எப்படி அவ்வளவு சுலபமாக நம்ப மறுத்தது என்பது. கைதுகள் நடந்த சில நாட்களில், மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்த டொனால்டு டிரம்ப் பின்னால் ஜனாதிபதியும் ஆனார். அப்படியானால் அதுவும் முடியாத வழக்குதான் என்று என் வாதத்தை நானே காப்பாற்றிக்கொள்கிறேன்.

தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, தண்டனைக்கான காரணத்தை வைத்துச் சலித்தெடுக்கும் வசதி. தவறான அடையாளம் காட்டல், பொய் வாக்குமூலம், பொய்ச் சாட்சி, தவறான தடய அறிவியல், அதிகாரிகளின் முறைகேடு, உருப்படியில்லாத வக்கீல் என்று ஆறு வகை. நான் தொழில் பழக்கத்தில் நேராகத் தீவைப்பு வழக்குகளுக்குப் போனேன். கண்ணாடியில் சிலந்தி வலைபோல விரிசல் இருந்தால் யாரோ எரிபொருள் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்று புலனாய்வாளர்கள் ஒருகாலத்தில் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னார்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டாலும் அப்படித்தான் விரியும். தரையில் குட்டைபோலக் கருகியிருந்தால் பெட்ரோல் என்றார்கள். அறை முழுவதும் ஒரே நேரத்தில் தீப்பிடிக்கும் ‘ஃப்ளாஷ்ஓவர்’ நிலை வந்துவிட்டால் ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமலேயே தரை அப்படிக் கருகும். தீ விசாரணைக்கான அறிவியல் வழிகாட்டி, என்எஃப்பிஏ 921, வெளிவந்ததே 1992-இல்தான்.

அதே 1992-இல்தான் டெக்சாஸில் கேமரன் டாட் வில்லிங்ஹாம், வீட்டுக்குத் தீ வைத்துத் தன் மூன்று பெண் குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். அதே மாநிலத்தில் 1987-இல் எர்னெஸ்ட் வில்லிஸ் என்பவருக்கும், இரண்டு பெண்கள் இறந்த ஒரு வீட்டுத் தீ தொடர்பாக, அதே மாதிரியான சாட்சியத்தை நம்பி மரண தண்டனை கொடுத்தார்கள். ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியலாளர் இரண்டு வழக்குகளையும் பார்த்தார். இரண்டிலும் தீவைப்புக்கு ஆதாரம் இல்லை என்றார். வில்லிங்ஹாம் வழக்கில் அவருடைய அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகும், 2004 பிப்ரவரியில் விஷ ஊசி போட்டுவிட்டார்கள். வில்லிஸ் வழக்கில் அரசு வழக்கறிஞர் அறிவியலைக் கேட்டு, குற்றச்சாட்டைக் கைவிட்டார். அதே 2004-இன் அக்டோபரில் வில்லிஸ் வீட்டுக்குப் போனார்.

பட்டியலில் இருப்பது வில்லிஸ். ஊருக்குத் தெரிந்தது வில்லிங்ஹாம். கோப்பு படிக்கிறவனாகச் சொல்கிறேன், அக்கறையோடு படித்தால் வில்லிஸின் பக்கம்தான் அதிகம் கற்றுத்தருகிறது: ஒரு தவறு எப்படிச் சரிசெய்யப்படுகிறது, யார் யார் வேலை செய்தார்கள் என்று. ஆனாலும் நானே வில்லிங்ஹாமைப் பற்றித்தான் மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன்.

யாருமே தொடர் எடுக்காத ஒரு பகுதி இருக்கிறது. டெக்சாஸின் ஹாரிஸ் மாவட்டம் என்று போட்டுப் பாருங்கள், போதைப்பொருள் வழக்குகள் நூற்றுக்கு மேல் வரும். அப்போது போலீஸ் தெருவிலேயே மலிவான கிட் ஒன்றால் சோதித்தது. நிறம் மாறினால் கைது. ஜாமீனுக்குப் பணமில்லாதவர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வெளியே போகலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பல மாதங்கள் கழித்து ஆய்வகம் சோதித்தபோது அது போதைப்பொருளே இல்லை. இதில் கொலையாளி இல்லை, திருப்பம் இல்லை, குற்றமே இல்லை. டிஎன்ஏ மூலம் 1989-இல் முதன்முதலாக விடுதலையான அமெரிக்கரான இல்லினாய் மாநிலத்துக் கேரி டாட்சன் வழக்கிலும், நடந்ததாகச் சொன்ன பலாத்காரம் நடக்கவே இல்லை. இப்படிக் ‘குற்றமே நடக்காத’ வழக்குகளுக்கென்று தனிக் குறிச்சொல்லே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு இருக்கின்றன. கதையாகக் கேட்கிறவர்களுக்கு இவை ருசிக்காது. ‘அப்படியென்றால் யார்?’ என்று கேட்க ஆள் இல்லாத கதை.

வழக்குச் சுருக்கங்களின் நடை வறட்சி. பலவற்றை மாரிஸ் பாஸ்லி என்ற மூத்த பத்திரிகையாளர் எழுதியிருக்கிறார். தேதி, இடம், என்ன நடந்தது, யார் சாட்சி சொன்னது, எது பொய்த்தது. பெருமூச்சு விடுகிற வாக்கியம் தேடினாலும் அகப்படாது. எனக்கு அது மனம் நிறைந்த பாராட்டுக்குரிய விஷயம். குறையென்றால் முடிவு: பெரும்பாலும் இழப்பீடு எத்தனை டாலர் என்ற வரியோடு நின்றுவிடுகிறது. அப்புறம் அந்த மனிதர் என்ன வேலைக்குப் போனார், யாரோடு இருந்தார் என்று தெரிவதில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். யாரைச் சேர்ப்போம், யாரைச் சேர்க்க மாட்டோம் என்ற வரையறையைத் தனிப்பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், ஆனால் பெயர் தேடி வருகிறவன் அங்கே போவதில்லை. பிரபலமான வழக்குகள் சிலவற்றுக்காவது, ஏன் இங்கே இல்லை என்று இரண்டு வரி தேடல் முடிவிலேயே காட்டினால் ஐந்தாவது நட்சத்திரத்தையும் கொடுத்துவிடுவேன்.