பல் சரி, கால் சரியில்லை: ஒரு டைனோசர் பொம்மை

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் மகனுக்காக 1,650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடைத் தம்பி "இது டி-ரெக்ஸ் குட்டி அண்ணை" என்றுதான் எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து வயிற்றுப் பக்கம் பொறித்திருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தால் ஹெட்டெரோடோன்டோசாரஸ்! டி-ரெக்ஸுக்கு ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகள் முந்தியது, தென்னாபிரிக்காவில் கிடைத்தது, 1962இல் பெயர் வைத்தார்கள். வாலோடு சேர்த்தே ஒரு மீற்றரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

இந்த விலைக்கு நான் எதிர்பார்க்காதது வாய். மலிவுப் பொம்மைகளில் எல்லாப் பல்லும் ரம்பம் மாதிரி ஒரே அச்சில் இருக்கும், இதில் அப்படியில்லை. முன்னால் கிளி மாதிரி சின்ன அலகு, மேலே இரண்டு குட்டிப் பற்கள், பிறகு மேலும் கீழும் கோரைப்பல், அதற்குப் பின்னால் உளி போல நெருக்கமாக அடுக்கிய கடைவாய்ப் பற்கள் என்று ஒவ்வொன்றையும் வேறாகவே செதுக்கியிருக்கிறார்கள். பெயருக்கே "வெவ்வேறு பல் கொண்ட பல்லி" என்றுதான் அர்த்தம். கீழ்க் கோரைப்பல் மேல்தாடையில் உள்ள இடைவெளிக்குள் போய் உட்காருவதைக்கூட விடவில்லை.

"கோரைப்பல் இருக்கு, அப்ப இறைச்சிதானே தின்னும்?" என்று மகன் கேட்டான். நம்மூர்க் காட்டுச் சருகுமானைச் சொன்னேன், ஆணுக்கு வாயில் அப்படிப் பல் இருந்தாலும் அது பழமும் இலையும் தின்கிற பிராணி. இதுவும் முக்கியமாகச் செடிகொடி தின்றதுதான். கோரைப்பல் சண்டைக்கா, மிரட்டவா என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் 2008இல் விவரிக்கப்பட்ட ஒரு குட்டியின் மண்டையோட்டில், முழு நீளமே நாலரை சென்ரிமீற்றர்தான், அதிலும் கோரைப்பல் இருந்தது; ஆகவே ஆண்கள் வளர்ந்த பிறகு காட்டும் பகட்டு மட்டும்தான் என்று சொல்வது கஷ்டம்.

சரி, குறைகள். கால் மெல்லிசு, நிற்காது, மேசையில் வைத்தால் மூக்குக் குத்தி விழுகிறது. உப்புவெளிக் கடற்கரைக்கு ஒருநாள் கொண்டுபோனோம், உப்புத் தண்ணியில் பல்லின் வெள்ளைப் பெயின்ட் பாதி போய்விட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். தலையில் உள்ள சிவப்புக் கொண்டை வேறு யாருடைய கற்பனையோ.

வாங்குவதானால் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், கடையில் யாருக்கும் தெரியாது. டி-ரெக்ஸ் கூடைக்குள் கையை விட்டுத் தேடுங்கள், அன்றைக்கு இன்னும் மூன்று கிடந்தன.