கேஸ் அடுப்பில் சுடும் அலுமினிய சாண்ட்விச் டோஸ்டர்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கேஸ் அடுப்பின் தீயில் நேரடியாகப் பிடித்து, திருப்பித் திருப்பிச் சுடுகிற அலுமினிய சாண்ட்விச் டோஸ்டரை எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். இடையில் மின்சார சாண்ட்விச் மேக்கர் ஒன்றும் நான்-ஸ்டிக் பூச்சுள்ள கேஸ் டோஸ்டர் ஒன்றும் வந்தன. இரண்டும் இப்போது அடுக்களையில் இல்லை. திருச்சியில் ஒரு பாத்திரக் கடையில் 300 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்த இந்த எளிய கருவி மட்டும் நிலைத்துவிட்டது. சாண்ட்விச்சை வீட்டில் அடிக்கடி செய்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை என்றே கருதுகிறேன். ஆனால் உள்ளே வைக்கும் பொருளில் ஈரம் மிகுந்தால் இது ஒருபோதும் நல்ல சாண்ட்விச் தராது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது.

கருவியின் அமைப்பில் மறைவானது எதுவுமில்லை. முன்நுனியில் கீலால் இணைந்த இரண்டு குழிவான தட்டுகள், அவற்றிலிருந்து நீளும் இரண்டு கைப்பிடிகள், மூடியதும் கைப்பிடிகளைச் சேர்த்துப் பூட்டும் ஒரு கொக்கி, அவ்வளவுதான். தட்டுகளின் விளிம்பு பிரெட்டின் நான்கு ஓரங்களையும் ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டிவிடுகிறது. நடுவில் ஓடும் மேடு அதை இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஓரம் ஒட்டிக்கொள்வதால் உள்ளே எழும் ஆவி வெளியேற வழியின்றி உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் சூடாக்குகிறது, வெளிப்புறமோ நேர்த்தீயின் வெப்பத்தில் விரைவில் சிவந்து மொறுமொறுப்பாகிறது. எங்களிடம் இருந்த மின்சாரக் கருவியில் பிரெட் சிவப்பதற்குள் நடுப்பகுதி வறண்டு ரஸ்க் போல ஆகிவிடும். அது 750 வாட் கருவி. தட்டு சூடாகும் வரை காத்திருப்பதையும் சேர்த்தால் முதல் சாண்ட்விச்சுக்குப் பத்து நிமிடம் ஆனது. கேஸ் டோஸ்டரில் நான்கு நிமிடம் போதும், மின்வெட்டைப் பற்றிய கவலையும் இல்லை.

இக்கருவியை நான் முதன்முதலில் பார்த்தது மும்பையில். மாட்டுங்காவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த நாட்களில், தெருவோர சாண்ட்விச் கடைக்காரர் இதே போன்ற டோஸ்டர்கள் நான்கைந்தை ஒரே நேரத்தில் தீயின் மேல் வைத்துத் திருப்பிக்கொண்டிருப்பதைப் பலமுறை நின்று கவனித்திருக்கிறேன். பச்சைச் சட்னி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம், தாராளமான வெண்ணெய், ஒவ்வோர் அடுக்கின் மேலும் ஒரு சிட்டிகை மசாலா என அவர் அடுக்கிய அந்த மும்பை டோஸ்ட் சாண்ட்விச்தான் எங்கள் வீட்டிலும் இன்றுவரை முதலிடத்தில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பி வந்து அதைச் செய்யத் தொடங்கியபோது முதல் பத்துப் பதினைந்து முறையும் அடிப்பக்கம் நைந்து, தக்காளிச் சாறு ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு அடுப்பில் ஒழுகியது. தவறு டோஸ்டருடையது என்றே அப்போது நினைத்தேன்.

உண்மையில் தவறு சட்னியில் இருந்தது. இட்லிக்கு அரைப்பது போல நீர்க்க அரைத்தால் பிரெட் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். இப்போது நான் செய்யும் முறை இது: இளந்தண்டோடு கூடிய கொத்தமல்லி அமுக்கி அளந்து இரண்டு கோப்பை, புதினா அரைக் கோப்பை, பச்சை மிளகாய் நான்கு, கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, சீரகம் அரைத் தேக்கரண்டி, உப்பு, இவற்றோடு பொட்டுக்கடலை இரண்டு மேசைக்கரண்டி. பொட்டுக்கடலை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சட்னி பிரெட்டின் மேல் பசை போலப் படிந்து நிற்கிறது. மும்பையில் சிலர் இதற்காக ஒரு பிரெட் துண்டையே சேர்த்து அரைப்பார்கள். அரைக்க இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர் போதும். மிக்சியின் சூட்டில் இலை கறுப்பதை அது தடுக்கிறது. எலுமிச்சைச் சாற்றை அரைத்து முடித்த பின், பரிமாறும் வேளையில்தான் கலக்க வேண்டும். புளிப்பு கூடக்கூட இலையின் பச்சை நிறம் மங்கி ஆலிவ் நிறமாக மாறுவது இயல்பு. புதினாவை அரைக் கோப்பைக்கு மேல் போட்டால் கசப்பு தலைகாட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது வெண்ணெய். அதைச் சுவைக்காக மட்டும் தடவுவதாக எண்ணிச் சிக்கனம் பிடிக்கக் கூடாது. கடைகளில் கிடைக்கும் உப்பிட்ட வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு. அது பிரெட்டின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாக நின்று, சட்னியின் நீரும் தக்காளியின் நீரும் உள்ளே இறங்காமல் காக்கிறது. எனவே அறை வெப்பத்தில் இளகிய வெண்ணெயை நான்கு ஓரங்களும் மறையும்படி தடவி, அதன் மேல்தான் சட்னியைப் பூச வேண்டும். காய்களில், வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் மெல்லிய வில்லைகளாக முதலில் அடுக்குகிறேன். வெள்ளரியையும் தக்காளியையும் விதைப்பகுதி நீக்கி, வெள்ளைத் துணியில் ஒற்றியெடுத்து நடுவில் வைக்கிறேன். உப்பு காயிலிருந்து நீரை வெளியே இழுக்கும் என்பதால், மசாலாவைத் தூவியதும் தாமதிக்காமல் மூடிச் சுட்டுவிட வேண்டும். மசாலாவுக்குச் சீரகம் இரண்டு மேசைக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, சிறு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு ஆகியவற்றை வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, கருப்பு உப்பும் மாங்காய்த்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி சேர்த்துப் பொடிக்கிறேன். ஒரு மாதம் வரை மணம் மாறாமல் இருக்கிறது.

சுடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெரிய பர்னரில் தீ வளையமாக விரிந்து விளிம்புகளைக் கருக்கிவிடும், நடுப்பகுதியோ வெளுத்தே இருக்கும். அதனால் சிறிய பர்னரில், மிதமான தீயில், அரை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பியும் சற்று முன்னும் பின்னும் நகர்த்தியும் சுடுவதே சரி. பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும். டோஸ்டரைத் திறந்து பார்க்கலாம், ஆனால் முதல் ஒரு நிமிடத்துக்குள் திறந்தால் ஓரம் பிரிந்துவிடும். வெண்ணெய் சிவக்கும் வாசனை எழுந்ததும் திறந்து பார்த்தால் போதும். சில வாரப் பழக்கத்தில் மூக்கே நேரத்தைச் சொல்லிவிடும்.

பிரெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று சுட்ட மென்மையான பிரெட் இந்தக் கருவியின் அழுத்தத்தில் நசுங்கிப் பசையாகிறது. ஒரு நாள் பழைய பிரெட்தான் நன்றாகச் சிவக்கிறது. அதைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது பயனற்றது, அந்தக் குளிரில்தான் பிரெட்டின் மாவுப்பொருள் மிக வேகமாக இறுகி வறட்டுத்தன்மை பெறுகிறது. இரண்டு நாளில் தீராது என்றால் மேலே உள்ள ஃப்ரீசரில் வைத்து, எடுத்த துண்டுகளை நேராக டோஸ்டரில் வைத்துவிடலாம். அகலமான துண்டுகள் எங்கள் டோஸ்டரின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொள்கின்றன. நீட்டிய பகுதி தீயில் கருகும் என்பதால் ஓரத்தை வெட்டிவிட வேண்டியிருக்கிறது.

மும்பை சாண்ட்விச்சுக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டில் அதிகம் செய்வது பூரி மசாலா வைத்த சாண்ட்விச். காலையில் மீந்த உருளைக்கிழங்கு மசாலா மாலையில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் இப்படி உருமாறுகிறது. கடலைமாவு கரைத்து ஊற்றிய தளர்ந்த மசாலாவாக இருந்தால் வாணலியில் மீண்டும் கிளறிச் சுருட்டி, ஆற வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். சூடான மசாலாவை அப்படியே வைத்தால் அதன் ஆவியே பிரெட்டை நனைத்துவிடும். முட்டைக்கும் இதே விதிதான். பச்சை முட்டையை ஊற்றி மூட இந்தத் தட்டின் குழி ஆழம் போதாது, வெள்ளைக்கரு கைப்பிடி வழியாக வழிகிறது. மிளகு தூக்கலாகப் போட்டு உதிரியாகக் கிளறிய முட்டைப் பொடிமாஸ் மிக நன்றாகப் பொருந்துகிறது.

என் மகள் கண்டுபிடித்த சேர்க்கை ஒன்று உண்டு. இட்லி மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் கெட்டியாகக் குழைத்து ஒரு துண்டில் தடவி, மறு துண்டில் சீஸ் வைத்து மூடிச் சுடுவாள். உருகிய சீஸின் உப்பும் பொடியில் உள்ள வறுத்த உளுந்தின் கரகரப்பும் சேர்ந்து வரும் சுவை, நான் எதிர்பாராத அளவு நிறைவாக இருந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டில் உண்ட பிறகு பழக்கமானது சீனிச் சம்பல் வைத்த சாண்ட்விச். வெங்காயத்தை மெல்லச் சுருள வதக்கி, மிளகாயும் புளியும் சீனியும் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை சுண்ட வைப்பதால் அதில் நீரே இருப்பதில்லை. அவர்கள் பாணில், அதாவது பிரெட்டில், வைத்து அப்படியே உண்பார்கள். டோஸ்டரில் சுட்டால் சீனி ஓரங்களில் லேசாக முறுகி இன்னொரு சுவை கூடுகிறது. மாசிக்கருவாடு சேர்த்ததுதான் அசல் என்பதை மறுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் அது இல்லாமல் செய்கிறோம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே சுட முடியும் என்பதுதான் பெரிய குறை. நான்கு பேர் உள்ள வீட்டில் கடைசி சாண்ட்விச் தட்டுக்கு வரும்போது முதலாவது ஆறிவிடும்; இதற்காகவே இரண்டாவதாக ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். அலுமினியம் என்பதால் இண்டக்ஷன் அடுப்பில் இது பயன்படாது. கைப்பிடியின் பேக்கலைட் உறை நன்றாக இருந்தாலும், அதற்கும் தட்டுக்கும் இடைப்பட்ட உலோகத் தண்டு கை சுடும் அளவுக்குச் சூடேறுகிறது, ஆகவே சிறுவர்களிடம் தனியாகக் கொடுக்க நான் சம்மதிப்பதில்லை. மூன்றாம் ஆண்டில் கைப்பிடியின் ரிவெட் ஒன்று தளர்ந்து தட்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் போயின. பாத்திரம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்ததில் சில நிமிடங்களில் அடித்து இறுக்கித் தந்தார், அதன் பின் தொல்லை இல்லை.

நான்-ஸ்டிக் பூச்சுள்ளதை ஏன் விட்டேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சுத்தம் செய்ய அது எளிது என்பது உண்மை. ஆனால் அந்தப் பூச்சு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும் பொருள். மெல்லிய தட்டை வெறுமையாகத் தீயில் வைத்தால் அந்த வெப்பத்தை எட்ட அதிக நேரம் ஆகாது. எங்களிடம் இருந்ததில் ஓராண்டுக்குள் நடு மேட்டில் பூச்சு உரிந்து பிரெட்டில் கறுப்பாக ஒட்டத் தொடங்கியது, அன்றே அதை எடுத்துப் போட்டுவிட்டேன். பூச்சில்லாத தட்டில் பிரெட் ஒட்டாதிருக்க வெளிப்புறத்திலும் வெண்ணெய் தடவினால் போதும். சில மாதப் பயன்பாட்டில் தட்டே எண்ணெய்ப் பசை ஏறிப் பழகிவிடும். அந்தப் பழுப்புப் படிவைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. சோடாக்காரம் போட்டு ஊற வைத்தால் அலுமினியம் அரித்துக் கறுத்துவிடும். சூடு ஆறியதும் மிதமான சோப்பு நீரில் கழுவி, உடனே துடைத்து வைக்கிறேன். எப்போதாவது தட்டு மங்கிவிட்டால் பிழிந்த புளிச் சக்கையால் தேய்க்கிறேன், வெளுத்துவிடுகிறது.

வாங்கும்போது எடையைப் பாருங்கள். கனமான தட்டு வெப்பத்தைச் சீராகப் பரப்பும், லேசான தட்டு ஓரிடத்தில் கருக்கி ஓரிடத்தில் வெளுக்கும். டோஸ்டரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நான்கு ஓரங்களிலும் வெளிச்சம் கசியாமல் தட்டுகள் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கசிந்தால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கொக்கியைப் பூட்டும்போது சற்று அழுத்தம் தேவைப்பட வேண்டும். நடு மேடு இல்லாத, ஒரே சதுரமாகச் சுடும் வகையும் கடைகளில் இருக்கிறது. உள்ளடக்கத்தைக் கூடுதலாக வைக்க விரும்புகிறவர்களுக்கு அதுவே ஏற்றது.

இனிப்புக்கும் இந்த டோஸ்டர் உதவும். போளிக்குச் செய்யும் தேங்காய்ப் பூரணத்தை, பாகு இறுகிக் கையில் ஒட்டாத பதத்தில் இறக்கி, ஏலக்காய் தட்டிப் போட்டு, இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல் வைத்துச் சுடுங்கள். வெளிப்புறத்துக்கு வெண்ணெய்க்குப் பதிலாக நெய். அடுப்பிலிருந்து எடுத்ததும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வெளியே கை பொறுக்கும் சூடாக இருந்தாலும் உள்ளே உருகிய வெல்லம் நாக்கைப் புண்ணாக்கும் சூட்டில் இருக்கும். ஐந்து நிமிடம் கம்பித் தட்டின் மேல் வைத்து, அடியில் காற்று படும்படி ஆற விட்ட பிறகு பரிமாறினால், ஓரம் மொறுமொறுப்பாகவும் பூரணம் குழைவாகவும் இருக்கும்.