மொட்டை மாடிச் சூடு: சுண்ணாம்பா, தட்டோடா, தெர்மாகோலா, தண்ணீரா?

கான்கிரீட் கூரைக்கு நேர்கீழே குடியிருப்பவர்களுக்குக் கோடையில் கிடைக்கும் ஆலோசனைகளுக்குக் குறைவே இல்லை. வெள்ளையடியுங்கள் என்பார் ஒருவர். தட்டோடு பதியுங்கள் என்பார் கொத்தனார். கூரைக்கு அடியில் இன்னொரு மெல்லிய கூரையாக ஃபால்ஸ் சீலிங் போடுபவர் அதுதான் தீர்வு என்பார். பக்கத்து வீட்டுக்காரர் மாலையில் ஹோஸ் பைப்பால் மாடியை நனைத்துக்கொண்டிருப்பார். எல்லாமே ‘சூட்டைக் குறைக்கும்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஆனால் இவை செய்யும் வேலைகள் வெவ்வேறு. சில வெப்பத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. சில அதன் வேகத்தைக் குறைக்கின்றன. சில அதை ஒத்திப்போட மட்டுமே செய்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், எதுவும் செய்யாத வெறும் கூரையில் நடப்பதைப் பார்த்துவிடுவோம். தெளிந்த வானமுள்ள கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் மாடியில் ஏறக்குறைய 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. பழைய கான்கிரீட் அதில் சுமார் 70 சதவீதத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதில் பெரும்பகுதியைக் காற்று கொண்டுபோகும். ஒரு பகுதி வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாகத் திரும்பும். மிச்சம் கீழ்நோக்கி இறங்குகிறது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் பாயும் என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. நண்பகலில் கூரைக்குக் கீழே குளிர்ந்த இடம் என்பது நம் அறைதான்.

100 சதுர அடிக் கூரை, ஐந்தங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தளம் என்றால் எடை ஏறக்குறைய 2,700 கிலோ. அந்தக் கான்கிரீட் சராசரியாக 15 டிகிரி சூடேறினால் அது சேமித்து வைக்கும் வெப்பம் சுமார் 35,000 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் கிட்டத்தட்ட 10 யூனிட். மேலிருந்து கீழே அந்த வெப்ப அலை வந்துசேர மூன்று மணி நேரம் ஆகிறது. வெளியே வெயில் தாழ்ந்த பிறகு அறை கொதிப்பதற்குக் காரணம் இந்தத் தாமதம்தான்.

அறைக்குள் வந்த வெப்பம் நம்மைத் தாக்கும் விதமும் கவனிக்க வேண்டியது. கூரையின் அடிப்பரப்பு 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நம் தோல் 34 டிகிரி. இடையில் உள்ள காற்று எப்படி இருந்தாலும், கூரை சதுர மீட்டருக்கு 580 வாட் வீதம் அகச்சிவப்புக் கதிர்களைக் கீழே அனுப்புகிறது. நம் தோல் திருப்பி அனுப்புவது 504 வாட். வித்தியாசம் நம் உடம்பில் ஏறுகிறது. மின்விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் இந்தக் கதிர்வீச்சைத் தடுக்க முடியாது. விசிறி வியர்வையை ஆவியாக்க உதவுகிறது, அவ்வளவுதான். எனவே தெர்மாமீட்டரில் காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கூரை முறைகளை ஒப்பிடுவது தவறு. கூரையின் அடிப்பரப்பு எவ்வளவு சூடு என்பதே கேள்வி.

சுண்ணாம்பும் பளபளக்கும் தகடும்

புதிதாக அடித்த சுண்ணாம்பு, விழும் வெயிலில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 700 வாட் உறிஞ்சிய இடத்தில் இது 200 வாட்டோடு நின்றுவிடுகிறது. 100 சதுர அடிக்குக் கணக்கிட்டால் நண்பகலில் நாலரை கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் கூரைக்குள் நுழையவே இல்லை. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் 3.5 கிலோவாட். தவிர்க்கப்பட்ட வெப்பம் முழுவதும் அறைக்குள் வந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பகுதி மேலேயே காற்றில் கலந்திருக்கும். இருந்தாலும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பின் விலைக்கு இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் பொருள் வேறொன்றும் இல்லை.

பளபளப்பான தகரமும் வெயிலைப் பிரதிபலிக்கிறதே, அது ஏன் மதியத்தில் தொட முடியாதபடி சுடுகிறது என்று கேட்கலாம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு பரப்பு குளிர்ந்திருக்க இரண்டு குணங்கள் வேண்டும்: வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும், தன்னிடம் சேர்ந்த வெப்பத்தை அகச்சிவப்பாக வெளியே விடவும் வேண்டும். தகரம் முதல் வேலையை ஓரளவு செய்கிறது. இரண்டாவதில் மிக மோசம். சுண்ணாம்போ கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு வெள்ளை, அகச்சிவப்புக்கு ஏறக்குறைய கறுப்பு. அதனால் பகலில் வெயிலை ஏற்க மறுக்கிறது, பகலும் இரவும் வானத்தை நோக்கி வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கிறது. மேகமில்லாத இரவில் வெள்ளைக் கூரை சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும்.

சுண்ணாம்பின் குறை அதன் ஆயுள். மழையில் கரையும், தூசி படிந்தால் பிரதிபலிப்பு குறையும், பாசி பிடித்தால் பலன் பாதியாகிவிடும். ஆண்டுதோறும் மார்ச்சில் அடித்தாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் கூல் ரூஃப் பெயிண்ட் விலை பல மடங்கு. இயற்பியல் அதே இயற்பியல்தான். சில ஆண்டுகள் தாங்குவதற்கும் நீர்க்கசிவைத் தடுப்பதற்கும்தான் அந்தக் கூடுதல் பணம். வெள்ளை ஓடுகள் அதைவிட நீண்ட காலம் நிற்கும். எதைத் தேர்ந்தாலும் கோடைக்கு முன் கழுவிவிட வேண்டும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. வெயிலில் அதற்குச் சற்றும் குறையாத நம் ஊர்களிலும் இது வீட்டுக்கு வீடு வழக்கமாக வேண்டும்.

தட்டோடு: பாதி உண்மை

தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்றங்குலம் போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது நம் பழைய முறை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் ஊற்றி, நாள்கணக்கில் கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்திய தளங்கள் இன்றும் ஒழுகாமல் நிற்கின்றன. நீர் இறங்காமல் காப்பதில் இதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

ஆனால் சூட்டுக்கு? ஜல்லிக் கலவை வெப்பத்தைக் கான்கிரீட்டில் பாதி அளவுக்குக் குறைவாகக் கடத்துகிறது. கூடவே எடையும் சேர்கிறது. விளைவு, பகலின் ஏற்ற இறக்கம் கூரையின் அடிப்பரப்பில் ஏறக்குறைய பாதியாகிறது. வெப்ப அலை வந்துசேரும் நேரமும் இன்னும் இரண்டரை மணி நேரம் தள்ளிப்போகிறது. பகலில் இயங்கும் அலுவலகம், பள்ளிக்கூடம் என்றால் இது அருமையான ஏற்பாடு. உள்ளே இருப்பவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் வெப்பம் வந்துசேரும். படுக்கையறை என்றால் கதை தலைகீழ். உச்ச வெப்பம் இரவு எட்டு மணியை ஒட்டி இறங்கும், நள்ளிரவு தாண்டியும் வடியும். தடிமன் ஒரு நாளின் சராசரி வெப்பத்தைக் குறைப்பதில்லை. அதைச் சமப்படுத்தி, நேரத்தைத் தள்ளிவைக்கிறது. சராசரியைக் குறைக்க வேண்டுமானால் மேற்பரப்பு உறிஞ்சும் வெயிலைத்தான் குறைக்க வேண்டும். எனவே செந்நிறத் தட்டோடு பதித்தவர்கள் அதன்மேல் வெள்ளை அடிக்கத் தயங்க வேண்டாம். அழகு கொஞ்சம் கெடும், தூக்கம் கெடாது.

தெர்மாகோல் மேலேயா, கீழேயா

வெப்பக் கடத்தலை மட்டும் எடுத்துக்கொண்டால் இதற்குப் போட்டியே கிடையாது. இரண்டங்குலத் தெர்மாகோல் பலகை கடத்தலுக்குக் கொடுக்கும் தடை, இரண்டேகால் மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் கொடுக்கும் தடைக்குச் சமம். காரணம் பிளாஸ்டிக் அல்ல. அதன் சிறு அறைகளுக்குள் அசையாமல் அடைபட்ட காற்று. காற்று அசையத் தொடங்கினால் வெப்பச் சலனம் தொடங்கிவிடும், தடையும் போய்விடும். மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளியைக் கலவையால் நிரப்பும் முறையும் அடைபட்ட காற்றைத்தான் நம்புகிறது. பானைக்குள் இடம் பெரிது என்பதால் காற்று கொஞ்சம் புரளும். பலகை அளவுக்குத் தடுக்காது.

பலகையை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கூரைக்கு மேலே பதித்தால் கான்கிரீட்டே குளிர்ந்திருக்கிறது. கீழே, ஃபால்ஸ் சீலிங்காகப் போட்டால் நம் தலைக்கு மேல் இருப்பது குளிர்ந்த பரப்புதான். கதிர்வீச்சின் தாக்குதல் உடனே குறையும். அதை மறுக்கவில்லை. ஆனால் வெப்பம் கீழே இறங்க வழியில்லாமல் கான்கிரீட் முன்பைவிடச் சூடாகிறது. சூடான கான்கிரீட் விரிகிறது. பத்து மீட்டர் நீளத் தளம் 25 டிகிரி ஏறினால் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். தளமும் சுவரும் சேரும் இடத்தில் கிடைமட்டமாக ஓடும் விரிசல்களுக்கு இந்தத் தினசரி விரிவும் சுருக்கமும் முக்கியக் காரணம். சொந்த வீடு என்றால் மேலே போடுங்கள். மேலே நீர்க்காப்பும் ஓடும் கட்டாயம் வேண்டும். வாடகை வீட்டிலும், மாடி நம் வசம் இல்லாத அடுக்ககத்திலும் ஃபால்ஸ் சீலிங் தவிர வேறு வழியில்லை.

ஒரு குடம் தண்ணீர்

ஒரு லிட்டர் நீர் பத்து டிகிரி சூடேறி வடிகுழாயில் இறங்கினால் அது கொண்டுபோவது 42 கிலோஜூல். அதே லிட்டர் மாடியிலேயே ஆவியானால் கொண்டுபோவது சுமார் 2,400 கிலோஜூல். ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் அவ்வளவு பெரிது. மேலே சொன்ன 100 சதுர அடிக் கூரையின் மொத்தச் சேமிப்புக்கும் கணக்குப்படி 15 லிட்டர், அதாவது ஒரு பெரிய குடம் போதும், முழுவதும் ஆவியானால். ஹோஸ் பைப்பில் பாய்ச்சும்போது பெரும்பகுதி ஓடிவிடுகிறது. ஆவியாகும் நீரும் தன் வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே நீர் ஊற்றுவதென்றால் சாக்கு விரித்து, அதை நனைத்து வையுங்கள். அதே நீர் பல மடங்கு வேலை செய்யும்.

ஊரும் முக்கியம். வேலூரில் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஆவியாதல் ஒரு பரப்பை 26 டிகிரி வரை இறக்கக்கூடும். சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 29-க்குக் கீழே போகாது. தண்ணீர்ப் பஞ்சம் வரும் அதே மாதங்களில் தினமும் மாடிக்கு நீர் செலவிடுவதை, கிணறு வற்றாத வீட்டுக்குக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். அவசரத்துக்கு மட்டும்.

பந்தலும் சோலார் பலகையும்

தென்னங்கீற்றுப் பந்தல் சுண்ணாம்பையும் மிஞ்சும். வெயில் கூரையைத் தொடுவதே இல்லை. சூடான கீற்றுக்கும் தளத்துக்கும் இடையே காற்று ஓடி வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. தீ, புயல், இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றும் செலவு ஆகியவை அதன் எதிரிகள். பச்சை வலை மலிவு. ஆனால் துணியைவிட அதன் உயரம் முக்கியம். ஆள் உயரத்துக்கு மேல் கட்டிக் காற்று புகவிட வேண்டும்.

சோலார் பலகையை யாரும் நிழலாக எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்று கிலோவாட் அமைப்புக்குச் சுமார் 300 சதுர அடி இடம் வேண்டும். மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டுத் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாகிறது. மீதி பலகையைச் சூடாக்குகிறது. அது தளத்தை ஒட்டி இருந்தால் அந்தச் சூட்டைக் கீழே வீசும். உயர்த்திக் கட்டினால் காற்று அதைக் கொண்டுபோய்விடும், குளிர்ந்த பலகை மின்சாரமும் கூடுதலாகத் தரும்.

ஏ.சி. இந்த வரிசையில் சேராது. மற்றவை வெப்பம் வருவதைக் குறைக்கின்றன, ஏ.சி. வந்ததை மின்சாரம் செலவழித்து வெளியே இறைக்கிறது. 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற சுமார் ஒரு கிலோவாட் மின்சாரம் தேவை, இரண்டும் சேர்ந்து நாலரை கிலோவாட் தெருவில் இறங்குகிறது. ஏ.சி. உள்ள அறைக்குத்தான் தெர்மாகோல் முழுப் பலன் தரும். உள்ளும் வெளியும் வெப்பநிலை வித்தியாசம் பெரிதாக இருக்கும்போதுதான் கடத்தலுக்குப் போடும் தடைக்கு வேலை. ஏ.சி. இல்லாத வீட்டில் முதல் செலவு சுண்ணாம்புக்கு. பணம் மிஞ்சினால் நிழலுக்கு. இரண்டையும் செய்த பிறகும் தாங்கவில்லை என்றால் மட்டும் பலகை பதிப்பவரைக் கூப்பிடுங்கள்.