ஒரு ரவுண்ட் கோல்ஃப்: பொரளையா, நுவரெலியாவா?

வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். 1879இல் தொடங்கிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் அங்கேதான். உறுப்பினர் கழகம் என்றாலும் வெளியாரும் கட்டணம் கட்டி 18 குழிகளையும் ஆடலாம். மைதானத்துக்குள்ளேயே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் வந்தால் நிற்க வேண்டியதுதான். நிலம் சமதளம், ஆனால் புழுக்கம் ஆளைப் பிழிந்துவிடும். விடியற்காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

நுவரெலியா மைதானம் 1889இலிருந்து இருக்கிறது. 1,800 மீற்றருக்கு மேலான உயரம், காற்றின் அடர்த்தி குறைவு. அதே அடிக்குப் பந்து கூடுதல் தூரம் போகும். அதைத் திறமை என்று நினைத்துவிட வேண்டாம்! இருபக்கமும் மரங்கள், கோணல் அடியை அவை மன்னிப்பதில்லை. குளிரில் நடப்பது சுகம், பின்னேர மழைதான் தொல்லை.

செலவு? மைதானக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். மட்டை வாடகை, மட்டைப் பை சுமந்து கூட வரும் கேடியின் (caddie) கூலி இரண்டு இடத்திலும் உண்டு. மலைக்கு என்றால் நானுஓயா வரை ரயில், அப்புறம் அறை வாடகை. ஏப்ரல் சீசனில் அறை விலையைக் கேட்கவே வேண்டாம். ஒரு ரவுண்டுக்காக மட்டும் என்றால் என் ஓட்டு பொரளைக்கே. குடும்பத்தோடு எப்படியும் மலையேறுகிறீர்களா, சரி, மட்டைப் பையையும் ஏற்றுங்கள்.